செகண்ட் ஹேண்ட் டிஸ்க்கில் ஒரு மூன்றாம் கை

பூட்டு உடையவில்லை. ஷட்டர் நெளியவில்லை. டப்பாக்களின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர்கூடக் கிழியவில்லை. ஆனாலும் டப்பாவுக்குள் இருந்ததை எவரோ திருடிவிட்டார்கள் என்று கடைக்காரர் வேல்முருகன் அடித்துச் சொன்னார்.

"டப்பா இருக்கா?" என்று கேட்டாள் கலையரசி.

"இருக்குங்க மேடம்."

"உள்ள டிஸ்க்கு?"

"அதுவும் இருக்குங்க."

"அப்ப என்னதாங்க காணோம்?"

"அதை ஆடுற உரிமை."

கலையரசியின் உதவியாளன் பிரேம்குமார் தலையைச் சொறிந்தான். "மேடம், பெரம்பலூர்ல கோழியைத் திருடினவனைப் பிடிச்சோம். முட்டையைத் திருடினவனைப் பிடிச்சோம். கோழி கூவுறதைத் திருடிட்டான்னு வந்த கேஸு இதுதான் முதல்."

கலையரசி சிரிக்கவில்லை. சிரித்தால் அவன் இன்னொன்று சொல்வான் என்பது அவளுக்குத் தெரியும். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள் அவள். அதற்கு முன்னால் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் செத்த மாடுகளை விசாரித்துக்கொண்டிருந்தாள். இது செத்த மாடா, செத்ததாகச் சொல்லப்படும் மாடா, இல்லை பக்கத்து ஊரில் இன்னும் பால் கறந்துகொண்டிருக்கும் மாடா என்பதைக் கண்டுபிடிப்பது அந்த வேலை. அதை ஒழுங்காகச் செய்தவர்களுக்கு மனிதர்களை விசாரிப்பது பெரிய விஷயமில்லை. மாடு பொய் சொல்லாது. பக்கத்தில் நிற்கிறவர்தான் சொல்வார்.

அவர்கள் இப்போது வந்து நின்ற வேல்முருகனின் கடை அரியலூர் கடைவீதியில் இருந்தது. 'வேல்முருகன் எலக்ட்ரிகல்ஸ்' என்ற பழைய போர்டின் ஓரத்தில், பிற்பாடு வேறு வண்ணத்தில், '& கேம்ஸ்' என்று நெருக்கி எழுதியிருந்தார்கள். வாசல் வழியாகச் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று போனால் உள்ளே இருக்கிற பொருள்கள் எல்லாம் ஒரு படி வெளுத்துவிடும். ஒரு பக்க அலமாரியில் மின்விசிறி, அயர்ன் பாக்ஸ், சுவிட்ச். எதிர்ப் பக்கத்தில் வீடியோ கேம் டிஸ்க்குகள், பெரும்பாலும் ஒருவர் ஆடி முடித்து விற்றுவிட்டுப் போனவை. நடுவில் ஒரு டிவி. அதன் கீழே பூப்போட்ட துணி போர்த்திய, கேம் ஆடும் ஒரு மெஷின். துணியின் மடிப்பைப் பார்த்தால் ஏதோ விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் பாத்திரம் மாதிரி இருந்தது.

"முதல்லேர்ந்து சொல்லுங்க. எனக்கு இந்த ஆட்டமெல்லாம் தெரியாது. மாட்டுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க" என்றாள் கலையரசி.

வேல்முருகன் ஒரு டப்பாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "முன்னெல்லாம் ஒரு தொல்லையும் இல்லீங்க. ஒருத்தர் புதுசா வாங்குவாரு, ஆடுவாரு, அலுத்துப் போனா நம்மகிட்ட விப்பாரு. நாம அதை இன்னொருத்தருக்கு விப்போம். அவரும் அலுத்து விப்பாரு. ஒரே டிஸ்க்கு ஜெயங்கொண்டம், செந்துறை, வாலிகண்டபுரம்னு ஊரெல்லாம் சுத்தும். இந்தப் பொங்கலுக்கு அப்புறம் ஒரு கம்பெனி புதுச் சட்டம் போட்டுட்டான். அவன் டிஸ்க்கை ஒரே ஒரு தடவைதான் கைமாத்தலாம்."

"எப்படி?"

"முதல்ல வாங்கினவரு தன் மெஷின்லேர்ந்து அதை விடுவிக்கணும். விடுவிச்சப்புறம் அது அடுத்து எந்த மெஷினுக்குள்ள போகுதோ, அந்த மெஷினுக்கே சொந்தம். வேற மெஷின்ல போட்டா, 'இது இன்னொருத்தருடையது'ன்னு எழுத்து வரும். அப்புறம் அந்த டிஸ்க்கை வெச்சுக் காக்காதான் ஓட்டலாம்."

பிரேம்குமாருக்கு வாய் நமைத்தது. "நான் எங்கண்ணன் சட்டையைப் போட்டு வளர்ந்தவன் சார். என் தம்பி அதையே போட்டு வளர்ந்தான். சட்டையை இந்தக் கம்பெனி தச்சிருந்தா, எங்க வூட்டுல ஒருத்தன் அம்மணமாத்தான் ஸ்கூலுக்குப் போயிருப்பான்."

"அவங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு பிரேம். ஒரு சட்டையைப் பத்துப் பேரு போட்டா, தச்சவருக்கு ஒருத்தர்தானே கூலி கொடுத்திருக்காரு" என்றாள் கலையரசி. பிறகு வேல்முருகனிடம் திரும்பினாள். "சரி, உங்க கேஸு?"

"முறைப்படி விடுவிச்ச டிஸ்க்கைத்தான் நான் வாங்குறேன். வாங்கின அன்னைக்கே ஸ்டிக்கர் ஒட்டி அலமாரியில ஏத்திடுவோம். ஆனா வாங்கிட்டுப் போறவங்க வூட்டுல போட்டா, இன்னொருத்தருடையதுன்னு வருது. ஒருத்தர் இல்ல, ரெண்டு பேர் இல்ல. வாடிக்கையாளருங்க வாட்ஸாப் குரூப்புல என் பேரு நாறுது. அப்ப நடுவுல எவனோ, இல்ல எவளோ, டிஸ்க்கை எடுத்து ஆடிப்புட்டு மறுபடி உள்ள வெச்சு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கணும்ல?"

"எவளோன்னு ஏன் சொல்றீங்க?"

வேல்முருகன் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரல் தெருவின் எதிர்ச்சாரிக்குக் கேட்டது. "ஸ்டிக்கர் ரோல் கடையில வேலை பார்க்குற தென்றல்கிட்டதான் இருக்கு. சாவியும் அதுகிட்டதான். வூட்டுல சொந்தமா மெஷின் வெச்சிருக்கு. ராத்திரி கொண்டுபோயி ஆடிட்டு, காலையில கொண்டாந்து ஒட்டிடுது. சாயங்காலம் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பார்த்துட்டீங்கன்னா, எனக்கும் மனசுக்குக் கொஞ்சம் சமாதானம்."

அந்த நேரத்தில் ஒருவர் பல்பு கேட்டு வந்தார். வேல்முருகன் பேச்சை நிறுத்தாமலே அட்டையைப் பிரித்து, மேஜை மேல் இருந்த ஹோல்டரில் பல்பை மாட்டி, எரியவிட்டுக் காட்டி, கழற்றி, அட்டையில் போட்டுக் கொடுத்தார். வந்தவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

"நல்ல பழக்கம்" என்றாள் கலையரசி.

"எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தாங்க. எரியாத பல்பு இந்தக் கடையை விட்டு வெளிய போனதில்ல."

தென்றல் கடையின் பின்பக்க அறையில், காலி அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். அழுத முகமாக இல்லை. அழக் கூடாது என்று முடிவு செய்துகொண்ட முகமாக இருந்தது.

"எடுத்தியாம்மா?" என்றாள் கலையரசி, சுற்றி வளைக்காமல்.

"இல்லைங்க."

"உன் வூட்டு மெஷினைக் கொண்டாந்து காட்டியிருந்தா இந்தப் பேச்சே முடிஞ்சிருக்குமே. அதுல போட்டு ஆடின ஆட்டம் எல்லாம் அதுல தெரியுமாமே?"

"தெரியும். கொண்டாந்து காட்டுன்னு அவரும் கேட்டாரு. மாட்டேன்னுட்டேன்."

"ஏன்?"

"எதுக்குக் காட்டணும்? நாலு வருஷமா இந்தக் கடைச் சாவியை நான் வெச்சிருக்கேன். இன்னைக்குப் பையை அவுத்துக் காட்டுன்னா காட்டிடுவீங்களா நீங்க?" பிறகு அவளே கொஞ்சம் இறங்கி வந்தாள். "ஸ்டேஷனுக்குப் போறாராம். எங்க தெருவுக்குப் போலீஸ் வந்துச்சுன்னா, அப்புறம் நான் எடுக்கலைன்னு மைக் வெச்சுச் சொன்னாலும் யாரும் கேக்க மாட்டாங்க. இந்த ஊர்ல இனி யார் கடையிலங்க எனக்குச் சாவி குடுப்பாங்க?"

வெளியே வந்ததும் பிரேம்குமார் கலையரசியின் காதருகே சொன்னான். "மேடம், வருத்தமாத்தான் இருக்கு. ஆனா எல்லாம் பொருந்துது. சாவி, ஸ்டிக்கர், வூட்டுல மெஷின், காட்ட மாட்டேங்கிற வீம்பு."

"ஆமா. அளவெடுத்துத் தச்ச மாதிரி பொருந்துது. அதான் எனக்கு இடிக்குது" என்றாள் கலையரசி. வேல்முருகனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்தக் கம்பெனி டிஸ்க்கை வாங்கிட்டுப் போனவங்கள்ல இன்னும் உங்களைத் திட்டாதவர் யாராவது இருக்காங்களா?"

வேல்முருகன் வெகுநேரம் யோசித்தார். திட்டியவர்களின் கூட்டத்துக்குள் புகுந்து வெளியே வந்தவர் போல மூச்சு விட்டார். "ஒருத்தர் இருக்காரு. செந்துறை அங்கமுத்து. விவசாயி."

"கிளம்பு பிரேம்."

"மேடம், திட்டினவங்க இதே ஊர்ல கைக்கெட்டுற தூரத்துல இருக்காங்க. திட்டாதவரைப் பார்க்க செந்துறைக்குப் பஸ் ஏறணுமா?"

"ஊரெல்லாம் மாடு சாகுதுன்னா செத்த மாட்டைப் பார்த்துப் பிரயோசனம் இல்ல. சாகாத மாடு எந்தத் தண்ணியைக் குடிக்குதுன்னு பார்க்கணும்."

"அங்கமுத்துகிட்ட இந்த உதாரணத்தைச் சொல்லிடாதீங்க" என்றான் பிரேம்குமார்.

செந்துறை பஸ்ஸில் கலையரசி வேல்முருகன் கொடுத்த எண்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டாள். எல்லோரிடமும் ஒரே கேள்வி: டப்பா மேல் இருந்த ஸ்டிக்கரைக் கிழித்தது யார்? ஒவ்வொருவரும் முதலில் வேல்முருகனை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, அதற்குப் பின் பதில் சொன்னார்கள். போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியே முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என்ன சொன்னாங்க மேடம்?"

"எல்லாரும் ஒண்ணேதான் சொல்றாங்க."

"அப்ப ஸ்டிக்கரை யாரு கிழிச்சாங்க?"

"செந்துறை வரட்டும்."

"உங்ககிட்ட வேலை பார்க்கிறதுக்கு ஒரு டப்பாகிட்ட வேலை பார்த்திருக்கலாம் மேடம். ஸ்டிக்கரைக் கிழிச்சா உள்ள இருக்கிறதாவது தெரிஞ்சிருக்கும்."

அங்கமுத்துவின் வீட்டு வாசலில் அவர் மனைவி பொன்னுத்தாய் மக்காச்சோளக் கதிர் உரித்துக்கொண்டிருந்தார். வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்தார். "அவருங்களா? அறுப்பு நடக்குது. இப்பக் கூப்பிட்டா வரமாட்டாரு."

பிரேம்குமார் சுற்றுமுற்றும் பார்த்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை அறுத்து முடித்த காடுதான் கிடந்தது. "எந்தக் காட்டுலங்க அறுப்பு?"

"டிவியில" என்றார் பொன்னுத்தாய், கதிரிலிருந்து கண்ணை எடுக்காமல். "உள்ள போயிப் பாருங்க. நெசக் காட்டுல அறுக்கிறதுக்கு நான். அதுல அறுக்கிறதுக்கு அவரு."

உள்ளே அங்கமுத்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் ரிமோட் மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பச்சை நிற அறுவடை இயந்திரம் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். திரையில் கோதுமை சரிந்துகொண்டே போனது. அறுபதை நெருங்கிய மனிதர். வரப்பின் ஓரம் வந்ததும் இயந்திரத்தைத் திருப்புவதற்காக உடம்பையும் சேர்த்துத் திருப்பினார்.

"உக்காருங்கம்மா. இந்த மூலையை முடிச்சிடறேன்."

"நல்லா விளைஞ்சிருக்குங்களே" என்றான் பிரேம்குமார்.

"விளையாம என்ன தம்பி? இங்க மழை சொன்ன நேரத்துக்குப் பேயுது. உரக்கடைக்காரன் ஸ்டாக்கு இல்லைன்னு சொல்றதில்ல. டிராக்டருக்கு டீசல் குறைஞ்சா பட்டனைத் தட்டினா நிரம்புது. செந்துறையில பொறந்து இப்படி ஒரு வெள்ளாமையை நான் பார்த்ததே இல்ல."

"இது உங்க மெஷின்ல சொன்னபடி கேக்குதா?" என்றாள் கலையரசி.

"கேக்குதே. ஏம்மா?"

"மத்தவங்களுக்கு எல்லாம் இன்னொருத்தருடையதுன்னு வருது."

"வேல்முருகன் சொன்னாரு. எனக்கு அந்தக் குறை ஒண்ணும் இல்லீங்க. ஆனா ஒரு வருத்தம் இருக்கு." அறுவடை இயந்திரத்தை நிறுத்திவிட்டு இப்போதுதான் முழுதாகத் திரும்பினார். "ரெண்டு வருத்தம். ஒண்ணு, இதை நான் திருப்பி விக்க முடியாதாம். எங்க டிராக்டரை நான் மூணாவது ஆளா வாங்கினேன். நாலாவது ஆளுக்கு விப்பேன். டிராக்டரை விட இது ஒசத்தியா?"

"ரெண்டாவது?"

"அது வேல்முருகன் மேல. அவர் கடைக்கு நேர்ல போறவங்களுக்கெல்லாம் டப்பாவைப் பிரிச்சு, மெஷின்ல போட்டு, ஓட்டிக் காட்டித்தான் குடுப்பாரு. ஒரு மரியாதை. எனக்கு அப்ப மக்காச்சோளம் கிடந்துச்சு, போக முடியல. பஸ்ஸுல போட்டுவிடுங்கன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு டப்பாவை அப்படியே கட்டி அனுப்பிடுச்சு. போட்டுக் காட்டல. ஸ்டிக்கரை நானே கிழிச்சேன். ஏன், நான் பணம் குறைச்சா குடுத்தேன்?"

கலையரசி எழுந்தாள். "உங்க வருத்தத்துக்கு ரொம்ப நன்றிங்க அய்யா."

அங்கமுத்துவுக்குப் புரியவில்லை. வருத்தத்துக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறவர்களை அவர் அதுவரை பார்த்ததில்லை. மூலையில் இன்னும் கொஞ்சம் கோதுமை பாக்கி இருந்ததால் அதற்கு மேல் யோசிக்கவுமில்லை.

தெருவுக்கு வந்ததும் பிரேம்குமார் நின்றுவிட்டான். "மேடம். எனக்குப் பாதி புரியுது. மீதிப் பாதி புரிஞ்சா அழுகை வரும் போல இருக்கு."

"அழுறதை அரியலூர்ல வெச்சுக்கலாம். தென்றலுக்குப் போன் போடு. மெஷினைக் கொண்டாரச் சொல்லு."

"காட்ட மாட்டேன்னுடுச்சே?"

"காட்டச் சொல்லாத. எனக்கு இன்னொரு மெஷின் வேணும், உதவி பண்ணுன்னு கேளு."

பிரேம்குமார் போனில் அப்படியே கேட்டான். பிறகு தென்றல் சொன்னது பிரேம்குமாருக்கு மட்டுமல்ல, பஸ்ஸுக்காகப் பக்கத்தில் நின்றவருக்கும் கேட்டது. "உதவின்னா கொண்டாறேன்."

அவர்கள் கடைக்குத் திரும்பியபோது வேல்முருகன் புதுச் சட்டை மாற்றிக்கொண்டு, ஸ்டேஷனுக்குப் போகத் தயாராக நின்றார். தென்றல் தன் மெஷினை ஒரு பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். முதலாளியின் முகத்தைப் பார்க்காமல், கடையின் இன்னொரு மூலையில் விற்பனைக்கு வைத்திருந்த டிவியில் அதை இணைத்தாள். மெஷின் விழித்ததும், அதற்குச் சொந்தமான ஆட்டங்கள் திரையில் வந்தன. இரண்டே இரண்டு. இரண்டும் ரொம்பப் பழையவை.

வேல்முருகன் அதைப் பார்த்தார். பார்த்ததைப் பார்க்காதது போல விசிறியைப் பார்த்தார்.

"அதைப் பார்க்கச் சொல்லி நான் உங்களைக் கூப்பிடல" என்றாள் கலையரசி. "நான் ஒரு டிஸ்க்கு வாங்க வந்திருக்கேன். அந்தக் கம்பெனி டிஸ்க்குதான். கார் ஓட்டுற மாதிரி ஏதாவது குடுங்க."

"மேடம், நேரமாச்சு, ஸ்டேஷன்ல..."

"வாடிக்கையாளர் வந்திருக்கேன் வேல்முருகன்."

அந்த ஒரு வார்த்தைக்கு வேல்முருகனின் கை தானாக அசைந்தது. அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்தது. "ஸ்டிக்கர் பார்த்துக்குங்க, கிழியல." ஸ்டிக்கரைக் கிழித்தது. நடு மேஜைக்குப் போனது. பூப்போட்ட துணியை விலக்கி, டிஸ்க்கை மெஷினுக்குள் தள்ளியது. டிவியில் கார் உறுமியது. "நல்லா ஓடுது, பாருங்க. படம் தெளிவு, சத்தம் தெளிவு." கை டிஸ்க்கை வெளியே எடுத்தது, துடைத்தது, டப்பாவில் வைத்தது, கலையரசியிடம் நீட்டியது.

கலையரசி அதைப் பிரேம்குமாரிடம் கொடுத்தாள். பிரேம்குமார் நாலு எட்டு நடந்து, தென்றலின் மெஷினில் போட்டான்.

திரையில் எழுத்து வந்தது. இது இன்னொருத்தருடையது.

"பாத்தீங்களா!" வேல்முருகன் குதித்தார். "இதையும் ஆடியிருக்கா! நான் சொன்னேன்ல?"

வேல்முருகனின் விரல் தென்றலை நோக்கி நீண்டு, நீண்டபடியே நின்றது.

"அண்ணே," என்றாள் தென்றல் மெதுவாக, "இதுக்கு முன்னாடி வேற மெஷின்ல ஆடியிருந்தா, உங்க மெஷின்லயும் இதே எழுத்துதானே வந்திருக்கணும்? உங்களுக்குக் கார் ஓடிச்சே."

விரல் கீழே இறங்கியது.

"அடுத்ததை நீங்க தொடாதீங்க" என்ற கலையரசி, அதே கம்பெனியின் இன்னொரு டப்பாவைத் தானே எடுத்தாள். தானே ஸ்டிக்கரைக் கிழித்தாள். நேராகத் தென்றலின் மெஷினில் போட்டாள். திரையில் வெளிச்சம் வந்தது, இசை வந்தது, ஆட்டம் திறந்தது.

"நடு மெஷின்ல, சொந்தமான ஆட்டங்கள்னு ஒரு பக்கம் இருக்கும். அதைக் கொஞ்சம் திறங்க" என்றாள்.

வேல்முருகன் தடுமாறித் தடுமாறித் திறந்தார். அந்தப் பக்கத்தை அதுவரை அவர் திறந்ததே இல்லை. வாடிக்கையாளருக்குக் காரையும் குதிரையையும் காட்டுவதோடு அவர் வேலை முடிந்துவிடும். இப்போது வரிசையாக வந்தன: வாலிகண்டபுரத்துக்காரர் திட்டிய ஆட்டம், ஜெயங்கொண்டத்துக்காரர் திட்டிய ஆட்டம், கடைத்தெருவிலேயே நின்று திட்டியவருடைய ஆட்டம். அத்தனையும் கடை மெஷினுக்கே சொந்தமாகி, பூப்போட்ட துணிக்குக் கீழே பத்திரமாக உட்கார்ந்திருந்தன.

"விடுவிச்ச டிஸ்க்கு முதல்ல எந்த மெஷினுக்குள்ள போகுதோ அதுக்குச் சொந்தம்னு நீங்கதான் சொன்னீங்க" என்றாள் கலையரசி. "ஸ்டிக்கரைக் கிழிச்சது நீங்கதான்னு போன்ல எல்லாரும் சொன்னாங்க. வாங்கினவங்க வூட்டுக்குப் போறதுக்கு முந்தியே நீங்க போட்டுக் காட்டிட்டீங்க. அந்த ஒரு தடவை இங்கயே தீர்ந்துபோச்சு. அங்கமுத்து ஒருத்தருக்குத்தான் நீங்க அந்த மரியாதையைப் பண்ணல. அதான் அவர் அறுத்துக்கிட்டே இருக்காரு."

"நான்... பல்பு மாதிரின்னுதான்..." வேல்முருகன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "போட்டுக் காட்டாம ஒரு பொருளை எப்படிங்க விக்கிறது? ஏமாத்தறான்னு சொல்ல மாட்டாங்களா?"

"பல்பு ஒரு தடவை எரிஞ்சா, எரியவிட்டவரு வூட்டுக்குச் சொந்தம்னு சட்டம் இல்லையே சார்" என்றான் பிரேம்குமார். "இந்த டிஸ்க்கு பல்பு இல்ல. தீக்குச்சி. நீங்க ஒவ்வொண்ணையும் கொளுத்திக் காட்டி, நல்லா எரியுது பாருங்கன்னு குடுத்திருக்கீங்க."

வேல்முருகன் தென்றலைப் பார்த்தார். "இந்த மெஷினை நீயாச்சும் ஒரு தடவை பார்த்துச் சொல்லியிருக்கலாம்ல?"

"போட்டுக் காட்டுறது முதலாளி வேலை, நீ தொடாதன்னு வந்த முதல் நாளே சொன்னீங்க. நாலு வருஷமா நான் அந்தத் துணியைத் துவைச்சிருக்கேன். மெஷினைத் தொட்டதில்ல."

வேல்முருகன் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீ திருடலை தென்றல். நான் ஒத்துக்கிறேன்" என்றார்.

"அது எனக்கு முன்னாடியே தெரியுங்கண்ணே. குரூப்புல இருக்கிறவங்களுக்குத்தான் தெரியாது. நேத்து நீங்க என்ன போட்டீங்க? 'ஆள் கடைக்குள்ளயே இருக்கு, சீக்கிரம் தெரியும்'னு போட்டீங்கள்ல. நான் திருடலைன்னு சொன்னா பத்தாது. எடுத்தது யாருன்னும் சொல்லுங்க. உங்க குரல்ல."

வேல்முருகன் போனை வாயருகே கொண்டுபோனார். "மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களே, கடையின் பரிசோதனை முறையில் ஏற்பட்ட ஒரு சிறு..."

"அழிங்க" என்றாள் தென்றல்.

"வாடிக்கையாளர்களே, கம்பெனியின் புதிய சட்டத்தின் காரணமாக, எதிர்பாராத விதமாக..."

"கம்பெனி பண்ணினது தனி. அதை நாளைக்குத் திட்டிக்கலாம். அழிங்க."

பிரேம்குமார் கலையரசியிடம் கிசுகிசுத்தான். "மேடம், இந்தப் பொண்ணை நம்ம ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா? என் வேலை போனாலும் பரவாயில்ல."

மூன்றாவது தடவை வேல்முருகன் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். "வேல்முருகன் பேசறேங்க. உங்க ஆட்டத்தை எல்லாம் எடுத்தது நான்தான். தெரியாம எடுத்தேன். போட்டுக் காட்டுறேன்னு எடுத்தேன். தென்றல் மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க குடுத்த பணம் திரும்ப வரும்." போனைத் தென்றலிடம் நீட்டினார். அவள் முழுதாகக் கேட்டுவிட்டு, தானே அனுப்பினாள்.

"மேடம், நீங்க ரெண்டாவதாப் பிரிச்ச டிஸ்க்கு?" என்று ஞாபகப்படுத்தினார் வேல்முருகன். வியாபாரி எவ்வளவு நொந்திருந்தாலும் வியாபாரிதான். "அது இப்பத் தென்றல் மெஷினுக்குச் சொந்தமாயிடுச்சே."

"ஆமா. சந்தேகப்பட்டதுக்கு அபராதம்னு வெச்சுக்குங்க."

தென்றல் தன் மெஷினைக் கழற்றிப் பையில் வைத்தாள். சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தாள். "அப்ப நான் வரேங்க."

"வரேன்னா? நாளைக்கு வரேன்னா, இல்ல..." வேல்முருகன் முடிக்கவில்லை. வாசலில் ஒரு வாடிக்கையாளர் நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றியபடியே அலமாரியைக் காட்டி, அந்தக் கம்பெனி டிஸ்க்கு ஒன்றைக் கேட்டார்.

வேல்முருகன் எடுத்துக் கொடுத்தார். கை நடு மெஷின் பக்கம் போகப் பார்த்தது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

"என்னண்ணே, போட்டுக் காட்டலையா?" என்றார் வந்தவர்.

"போட்டுக் காட்டக் கூடாதுங்க. போட்டா உங்களுக்கு ஓடாது."

"என்னது? ஓடுதான்னு பார்க்கத்தானே போடச் சொல்றேன். போட்டா ஓடாதுன்னா, அப்ப இது ஓடாத டிஸ்க்குதானே?"

"இல்லீங்க, ஓடும். பார்க்காத வரைக்கும் ஓடும்."

வந்தவர் கலையரசியைப் பார்த்தார், பிரேம்குமாரைப் பார்த்தார், டப்பாவை மேஜை மேல் வைத்தார். "பரவாயில்ல, நான் திருச்சியிலயே வாங்கிக்கிறேன்."

வேல்முருகன் டப்பாவைக் கையில் எடுத்து மறுபடி வைத்தார். எரியாத பல்பை வெளியே அனுப்பாத கடைக்காரரின் மகன் போட்டுக் காட்டாத டிஸ்க்கை எப்படி விற்பார்? அவர் தென்றலைப் பார்த்தார். கேட்கவில்லை. கேட்கிற உரிமை இன்றைக்குத் தனக்கு இல்லை என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

தென்றல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்படி வரை போயிருந்தாள். அங்கே நின்றாள். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தாள். ஒரு சுண்ணாம்புக்கல் லாரி போய் முடியும் வரை பார்த்தாள். பிறகு திரும்பி வந்து, மேஜை மேல் கிடந்த டப்பாவை எடுத்து, ஹெல்மெட்டை மறுபடி மாட்டப் போன வாடிக்கையாளரின் கையில் வைத்தாள்.

"இங்க போட்டா கடைக்குச் சொந்தமாயிடுங்க. உங்க வூட்டுல போட்டா உங்களுக்குச் சொந்தம். ஸ்டிக்கரை நீங்களே கிழிங்க. ஓடலைன்னா முதலாளியைத் தேட வேணாம், என்னைக் கேளுங்க."

"உங்க பேரு?"

"தென்றல்."

"நாளைக்கு வந்தா இருப்பீங்களா?"

தென்றல் சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நான் இங்கதான் இருப்பேன்."